மை போட்டுப் பார்ப்பதும் படிக உருண்டையும்

கேள்வி: ஓர் ஆங்கிலக் கதையை மொழிபெயர்க்கிறேன். அதில் ஒரு கிழவி ‘கிரிஸ்டல் பால்’ வைத்துக் குறி சொல்கிறாள். அவள் அதற்குள் பார்ப்பதை ‘ஸ்க்ரை’ என்றும், உருண்டையை ‘பெரில்’ என்றும் பழஞ்சொற்களால் எழுதியிருக்கிறார்கள். தமிழில் எப்படிச் சொல்வது? (திருப்பூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: ‘படிக உருண்டை’ என்று எழுதுங்கள். ‘பளிங்கு’தான் எனக்குப் பிடித்த சொல், ஆனால் இன்று அதைச் சொன்னால் தாஜ்மகாலும் வீட்டுத் தரையும்தான் ஞாபகம் வரும். பழைய தமிழில் பளிங்கு என்றால் ஊடுருவித் தெரியும் கல். ‘அடுத்தது காட்டும் பளிங்குபோல்’ என்ற குறளை மார்பிளை நினைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள், பொருளே வராது. மணிமேகலையில் வரும் பளிக்கறையும் (பளிங்கால் ஆன அறை) அப்படித்தான், உள்ளே இருப்பவரின் உருவம் வெளியே தெரியும், குரல் மட்டும் கேட்காது.

‘ஸ்க்ரை’ என்பது ‘டிஸ்க்ரை’ என்ற சொல்லின் தலையை வெட்டியது. தூரத்தில் மங்கலாக இருப்பதைக் கண்டுகொள்வது என்று பொருள். முதலாம் எலிசபெத் காலத்து இங்கிலாந்து அறிஞர் ஜான் டீ கல்லில் தேவதைகளைத் தேடியவர், ஆனால் பெரும்பாலும் அவர் பார்க்கவில்லை, 1582 முதல் எட்வர்ட் கெல்லி என்பவர் பார்த்துச் சொல்லச் சொல்ல இவர் எழுதிக்கொண்டார். இதைப் படித்ததும் எனக்கு நம் ஊர் மை போடுவதுதான் நினைவுக்கு வந்தது. வெற்றிலையிலோ கட்டைவிரல் நகத்திலோ மையைத் தடவி, ஒரு சின்னப் பிள்ளையைப் பார்க்க வைத்து, ‘என்ன தெரியுது?’ என்று மந்திரக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். பளபளக்கும் பரப்பு ஒன்று, பார்ப்பவர் ஒருவர், கேட்பவர் இன்னொருவர். அதனால் ‘ஸ்க்ரை’ வரும் இடத்தில் ‘மை பார்ப்பதுபோல் படிகத்துக்குள் பார்த்தாள்’ என்று தயங்காமல் எழுதலாம். அகராதியில் ‘அஞ்சனம் பார்த்தல்’ என்றும் கிடைக்கும், அது கதைக்குக் கொஞ்சம் கனம்.

அப்புறம் ‘பெரில்’. அது உங்கள் பக்கத்து ஊர்க் கல்! காங்கேயம் அருகே படியூரில் வெட்டியெடுத்த பச்சைக்கல் அது. பெரில் இந்தியாவில்தான் கிடைக்கும், வேறெங்கும் கிடைப்பது அபூர்வம் என்று ரோமானியர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். சொல்லும் இங்கிருந்து போனதுதான், பாலி மொழியின் ‘வேளுரிய’ கிரேக்கத்தில் ‘பெருல்லோஸ்’ ஆனது. ஜெர்மானியர் மூக்குக்கண்ணாடியை ‘ப்ரில்ல’ என்பதும் இதே வேரிலிருந்துதான். இங்கிலாந்தில் குறி பார்க்கும் கல் வெறும் படிகமாக இருந்தாலும் அதைப் பெரில் என்றே சொல்லிவந்தார்கள். பச்சைக்கல் என்று மட்டும் மொழிபெயர்த்துவிடாதீர்கள், கதையில் இருப்பது நிறமில்லாத உருண்டை.

கேள்வி: அப்படியானால் சங்க காலத்தில் படிகத்தில் குறி பார்த்தார்களா? (அதே வாசகி)

பதில்: பாடல்களில் நான் பார்த்ததில்லை. முருகனின் பூசாரியான வேலன் கழங்கை (கழற்சிக்காயை) உருட்டிப் பார்ப்பான், குறிகாரியான கட்டுவிச்சி முறத்தில் நெல்லைப் பரப்பி எண்ணுவாள், குறி சொல்லும் ‘அகவன் மகள்’ குறுந்தொகையில் ஔவையார் பாட்டில் வருகிறாள். இதில் நான் மிகவும் நேசிக்கும் சொல் விரிச்சி, தற்செயலாகக் காதில் விழும் பேச்சைக் குறியாக எடுத்துக்கொள்வது. முல்லைப்பாட்டில் போருக்குப் போனவன் திரும்புவானா என்று தெரிந்துகொள்ள, முதிய பெண்கள் நெல்லும் முல்லைப் பூவும் தூவி வணங்கிவிட்டு, அந்தப் பக்கம் யாராவது தற்செயலாக ஏதாவது சொல்வார்களா என்று காத்து நிற்பார்கள். அப்போது ஓர் ஆய்மகள், தாயைக் காணாமல் துடிக்கும் கன்றிடம் ‘உன் அம்மா இப்போது வந்துவிடுவாள்’ என்கிறாள்.