நாய்க்கும் பூனைக்கும் மாதம் 2,500 ரூபாயில் தரமான சாப்பாடு கொடுக்க முடியுமா?

கேட்டவர் வீட்டில் 15 கிலோ எடையுள்ள நாட்டு நாய் ஒன்று, வளர்ந்த பூனைகள் இரண்டு. மாதம் 2,500 ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடியாது, எந்த பிராண்ட் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

முடியும். எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதே கூட்டம்தான், செலவும் ஏறக்குறைய இதேதான். ஆனால் எந்த பிராண்ட் என்று ஆரம்பித்தால் கடைக்காரர் கை காட்டும் மூட்டையில் போய் முடியும். யாருக்கு எது கட்டாயம், எதை வீட்டிலேயே சமாளிக்கலாம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் காசு முதலில் போக வேண்டியது பூனைக்கு. நாய்க்குப் பாதி நம் அடுப்பிலிருந்தே வந்துவிடும்.

பூனைக்கு ஏன் முதலிடம்? நாய் சோற்றைச் செரிக்கப் பழகிய பிராணி. மனிதனோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்ததில், ஓநாய்க்கு இருப்பதைவிட மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் நகல்கள் நாய்க்கு அதிகம் என்று 2013-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பூனை அப்படி மாறவேயில்லை. அது இறைச்சி தின்றே ஆக வேண்டிய உயிர். டாரின் என்ற ஒரு சத்து அதற்கு உணவிலிருந்தே வர வேண்டும். வராவிட்டால் கண் பார்வை போகும், இதயத்தசை பலவீனமாகி ஊதிப்போகும். இதயத்தைப் பற்றியதை 1987-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். அதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பூனைகள் கடையில் விற்ற பூனை உணவைத் தின்றவைதான். அதற்குப் பிறகே கம்பெனிகள் டாரினைக் கூட்டிச் சேர்க்க ஆரம்பித்தன. ஆகவே பால்சோறு, தயிர்சாதம், நாயின் தட்டில் மிஞ்சியது என்று பூனையை வளர்ப்பது மெதுவாக அதன் கண்ணையும் இதயத்தையும் கெடுப்பதாகும். நாய் உணவைப் பூனைக்குப் போடுவதும் அப்படித்தான். இரண்டும் ஒரே மாதிரி உருண்டையாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள்.

நான்கு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 60 கிராம் உலர் உணவு போதும். இரண்டு பூனைக்கு மாதம் மூன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் கூட. கிலோ 320 ரூபாய் என்று வைத்தால் 1,150 ரூபாய். இதில் கை வைக்காதீர்கள். இதன் மேல் வேண்டுமானால் அவ்வப்போது மீன் கொடுங்கள். கொடுப்பதை வேகவைத்தே கொடுங்கள். சில வகை மீன்களில், பச்சையாக இருக்கும்போது, பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. வெந்துவிட்டால் அது போய்விடும். வேகவைத்த தண்ணீரையும் சேர்த்தே ஊற்றுங்கள், டாரின் தண்ணீரில் கரையக்கூடியது. அத்தோடு உலர் உணவு தின்னும் பூனைக்கு உள்ளே நீர் போவதற்கு இது நல்ல வழி. பூனை தானாகத் தண்ணீர் குடிப்பது மிகக் குறைவு. ஆண் பூனையாக இருந்தால் சிறுநீர் அடைப்பு வரும் ஆபத்தும் இருக்கிறது. கருவாடு வேண்டாம், உப்பு தாங்காது.

இனி மூட்டையின் பின்பக்கம். முன்பக்கத்துப் படத்தில் பளபளக்கும் இறைச்சித் துண்டும் கேரட்டும் விளம்பரம். பின்னால் பொடி எழுத்தில் இருப்பதுதான் விஷயம், செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். முதலில் தேட வேண்டியது ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ என்ற வரி, அதோடு எந்த வயதுக்கு என்பது. இந்த உணவை மட்டும் கொடுத்தாலே எல்லாச் சத்தும் கிடைக்கும் என்று தயாரிப்பாளர் சொல்வதுதான் அந்த வரி. ‘காம்ப்ளிமென்டரி’ என்று போட்டிருந்தால் அது தொட்டுக்கொள்ளும் பண்டம், சாப்பாடு ஆகாது. பூனைகள் நக்கித் தின்னும் கிரீம் குச்சிகளும் சில கிரேவி பாக்கெட்டுகளும் இந்த ரகம். விலையைக் கிலோவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும்.

அடுத்து புரதம். அமெரிக்காவில் பின்பற்றும் ஆஃப்கோ (தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கம்) அளவுப்படி, ஈரத்தை நீக்கிய கணக்கில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம், குட்டிக்கு 22.5, வளர்ந்த பூனைக்கு 26, பூனைக்குட்டிக்கு 30. ஈரத்தை நீக்கிய கணக்கு என்பதைக் கவனியுங்கள். ஈர உணவுப் பாக்கெட்டில் புரதம் 8 சதவீதம் என்று பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அதில் 80 சதவீதம் தண்ணீர். மிச்சமுள்ள 20-ல் 8 என்றால் 40 சதவீதம்.

அதே சமயம் அந்த எண்ணை மட்டும் நம்பியும் வாங்கக் கூடாது. ஆய்வகத்தில் புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிச் சொல்கிறார்கள். நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று அந்த எண் சொல்லாது. 2007-ல் வட அமெரிக்காவில் நடந்தது இந்த ஓட்டையை வைத்துத்தான். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில், அளவு கூடுதலாகத் தெரியட்டும் என்று, நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். சிறுநீரகம் செயலிழந்து நாய்களும் பூனைகளும் செத்தன. பல பிராண்டுகள், விலை கூடியவையும்கூட, திரும்பப் பெறப்பட்டன. ஏனென்றால் வெவ்வேறு பெயரில் விற்ற பல உணவுகளைத் தயாரித்தது ஒரே தொழிற்சாலைக் குழுமம்தான். விலையும் பெயரும் காவல் நிற்காது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டியதில்லை.

ஆகவே சேர்மானப் பட்டியலையும் பாருங்கள். எடை அதிகமானது முதலில் வரும். நாய் உணவில் முதலில் தானியம் இருந்தால் பதற வேண்டாம், இந்த விலையில் அப்படித்தான் இருக்கும், நாயும் செரித்துவிடும். பூனை உணவில் மட்டும் கோழி, மீன் அல்லது அவற்றின் பொடி முன்வரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘சிக்கன் மீல்’ என்று இருந்தால் மட்டம் என்று அர்த்தமில்லை. பச்சைக் கோழியில் முக்கால்வாசி தண்ணீர், பொடியில் அது போய்விட்டது, அதே எடைக்குப் புரதம் கூட. ‘தானியமே இல்லாதது’ என்று இரட்டிப்பு விலைக்கு விற்பதற்கு மயங்காதீர்கள். அப்படிப்பட்ட உணவு தின்ற நாய்களில் இதயத்தசை நோய் வந்ததைப் பார்த்து 2018 ஜூலையில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. விசாரணையே அறிவித்தது. அதுதான் காரணம் என்று முடிவாகவில்லை. ஆனால் தானியத்துக்கு ஒவ்வாமை இல்லாத நாட்டு நாய்க்கு அந்தச் செலவு எதற்கு?

மலிவா, இல்லையா என்பதை மூட்டை விலையில் பார்க்காமல் ஒரு நாள் சாப்பாட்டு விலையில் பாருங்கள். கிலோ 150 ரூபாய் உணவில் உங்கள் நாய்க்கு 300 கிராம் போடச் சொல்லியிருந்தால் நாளைக்கு 45 ரூபாய். கிலோ 300 ரூபாய் உணவில் 220 கிராம் போதும் என்றால் 66 ரூபாய். இரட்டிப்பாகத் தெரிந்த விலை ஒன்றரை மடங்கில் நிற்கிறது. நாய் போடும் மலமும் ஒரு கணக்கு. உருண்டு கெட்டியாக, அளவாக இருந்தால் தின்றது உடம்பில் ஒட்டுகிறது. தட்டில் போட்டதெல்லாம் குவியலாக வெளியே வந்தால் நீங்கள் உமிக்குக் காசு கொடுக்கிறீர்கள்.

உங்கள் நாய்க்கு நான் சொல்வது, பாதி உலர் உணவு, பாதி வீட்டுச் சமையல். உலர் உணவு நாளைக்கு 120 கிராம், கிலோ 200 ரூபாய் ரகத்தில் எடுத்தால் மாதம் 720 ரூபாய். மற்ற பாதிக்குப் போக வேண்டியது பிராய்லர் கடை. நான் போவது கூட்டம் குறைந்த பிறகு.

“அண்ணே, கழுத்தும் கொஞ்சம் ஈரலும் தனியா எடுத்து வைங்க.”

“நாய்க்குத்தானே அக்கா? தோல் உரிச்சிரவா?”

“பாதி உரிங்க, எல்லாத்தையும் எடுத்துராதீங்க.”

கொழுப்பு கொஞ்சம் வேண்டும், முழுத் தோலோடு போட்டால் எடை ஏறிவிடும், வயிறும் கெடும். எங்கள் ஊரில் கழுத்து கிலோ நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒரு நாளைக்கு 150 கிராம் கழுத்து, 50 கிராம் நொய்யரிசி, ஒரு கீற்று பரங்கிக்காய். மூன்றையும் குக்கரில் போட்டு, உப்பு, மிளகாய், வெங்காயம் எதுவும் இல்லாமல் விசில் எண்ணாமல் நீண்ட நேரம் வேக விடுங்கள். ஆறியதும் கைவிட்டுப் பிசைய வேண்டும். கழுத்தெலும்பு இரண்டு விரலுக்கு நடுவில் சுண்ணாம்பு மாதிரி நசுங்க வேண்டும். நசுங்காமல் குத்துகிற சில்லு எதுவும் கையில் தட்டுப்பட்டால் எடுத்து எறியுங்கள். இந்தப் பிசையலைக் கரண்டியால் செய்யாதீர்கள், கைக்குத்தான் தெரியும். தொடை எலும்பு, இறக்கை எலும்பு போட வேண்டாம். இப்படி நசுங்காத வெந்த எலும்பு கூர்மையாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். ஈரல் வாரத்தில் ஓரிரு துண்டு போதும், அதிகமானால் வைட்டமின் ஏ உடம்பில் சேர்ந்து எலும்பைப் பாதிக்கும். எல்லாம் சேர்ந்து நாளைக்கு 18 ரூபாய் வரும், மாதம் 540. உலர் உணவையும் பூனைகளுடையதையும் கூட்டினால் 2,400-ஐ ஒட்டி நிற்கும். ஊருக்கு ஊர் விலை முன்பின் இருக்கும்.

எலும்பில்லாத கறி போடுபவர்கள் கால்சியத்தை மறந்துவிடுகிறார்கள். இறைச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். வெறும் கறியும் சோறும் தின்று வளர்ந்த குட்டிகளுக்குக் கால் வளைந்து, லேசாகக் குதித்தாலே எலும்பு முறிவது இதனால்தான். பாசத்தோடு நிறையக் கறி போட்ட வீடுகளில்தான் இதை அதிகம் பார்த்திருக்கிறேன், அதுதான் மனதை அறுக்கிறது. முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, மிக்சியில் மாவாக்கி உங்கள் நாயின் பாதிச் சாப்பாட்டுக்குக் கால் டீஸ்பூன் சேர்த்தால் போதும். கழுத்தெலும்பைப் பிசைந்து போடும் நாளில் இது தேவையில்லை. குட்டியாக இருந்தால் இந்தப் பாதிக்குப் பாதி விளையாட்டே வேண்டாம். ஒரு வயது வரை குட்டிகளுக்கான முழு உணவையே கொடுங்கள், அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

அசைவம் சமைக்காத வீடாக இருந்தால் நாயை முட்டை, பனீர், மீல் மேக்கர், தயிர் வைத்து ஓரளவு ஓட்டலாம், உலர் உணவின் பங்கை முக்காலாக ஆக்கிக்கொண்டு. பூனையை முடியாது. உலர் உணவு பாக்கெட்டையும் வீட்டுக்குள் விட மனம் ஒப்பாது என்றால் பூனை வளர்க்க வேண்டாம் என்றே சொல்வேன்.

நம் வீட்டுச் சாப்பாட்டில் மிஞ்சுவதைப் போடுவது பற்றி. வெறும் சோறு, இட்லி, வேகவைத்த காய் சரி. குழம்பு ஊற்றிய சோறு கூடாது. அதில் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருக்காது, சின்ன வெங்காயம் உட்பட எல்லாமே இரத்த சிவப்பணுக்களைச் சிதைப்பவை, பூனைக்கு இன்னும் மோசம். பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தை முடக்கக்கூடியது. சாக்லேட்டும், சைலிட்டால் போட்ட சுகர்ஃப்ரீ இனிப்பும் கையெட்டாத இடத்தில் இருக்கட்டும். வளர்ந்த பூனைக்குப் பால் அவசியமில்லை, பலவற்றுக்கு வயிற்றுப்போக்குதான் மிஞ்சும்.

லூஸில் விற்பதை வாங்காதீர்கள். திறந்த மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுக்கும்போது தயாரிப்பு தேதியும் தெரியாது, பேட்ச் எண்ணும் தெரியாது. கொழுப்பு காற்றுபட்டுக் காறிப்போயிருக்கும். மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கும், அந்த நஞ்சு கல்லீரலைத் தாக்கும். பெரிய மூட்டை மலிவு என்று 20 கிலோ எடுப்பதும் உங்களுக்கு ஆகாது. நாளைக்கு 120 கிராம் போட்டால் அது ஐந்து மாதத்துக்கு மேல் கிடக்கும். திறந்த பிறகு மாதம், ஒன்றரை மாதத்தில் தீர்கிற அளவே நல்லது. தெருவில் நாய் வளர்க்கும் வீடுகள் இன்னும் இரண்டு மூன்று இருந்தால் சேர்ந்து ஒரு மூட்டை வாங்கித் திறந்த அன்றே பங்கு பிரித்துக்கொள்ளுங்கள், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். அதன் உறையையும் ஒரு போட்டோ எடுத்து எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் கொட்டாமல் உறையோடு டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள்.

நன்றாகத் தின்றும் இளைத்தே இருந்தால் உடனே விலை கூடிய உணவுக்குத் தாவாதீர்கள். குடற்புழு நீக்கி எவ்வளவு நாளாயிற்று என்று பாருங்கள், அரசு கால்நடை மருந்தகத்திலேயே கேட்கலாம். குண்டா ஒல்லியா என்பதற்குத் தராசு தேவையில்லை. விலாவில் கையை வைத்தால் எலும்புகள் விரலுக்குத் தெரிய வேண்டும், தூரத்திலிருந்து கண்ணுக்குத் துருத்தக் கூடாது. சிறுநீரகம், சர்க்கரை போன்ற நோய் ஏற்கெனவே இருந்தால் மேலே சொன்ன எதையும் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

புது உணவுக்கு மாற்றும்போது ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பழையதில் புதியதைக் கால் பங்கு, பிறகு பாதி, பிறகு முக்கால். நாய் எப்படியும் தின்றுவிடும். பூனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடலாம். பசித்தால் தானாகத் தின்னும் என்று பட்டினி போட்டு மட்டும் பார்க்காதீர்கள். பூனை தொடர்ந்து தின்னாமல் இருந்தால், குறிப்பாகப் பருமனான பூனை, உடம்புக் கொழுப்பு கல்லீரலில் வந்து படிந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு நாள் முழுக்கத் தொடவில்லையென்றால் பழைய உணவையே திருப்பி வையுங்கள். அதையும் தொடவில்லையென்றால் மறுநாளே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.