கேளுங்கள்: ஒரே பெயர், வேறு கலிமா

கே: குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி முதலில் சேர்ந்தது ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ என்கிறார்கள். நம் தெருப் பள்ளிவாசலில் தொழுகிறவர்களின் மார்க்கமும் அதுவும் ஒன்றுதானே?
- வாசகர், தாராவி

ப: இல்லை. நேஷன் அமெரிக்கக் கறுப்பர்களின் இயக்கம். பெயரை விட்டுவிட்டு, முஸ்லிமின் நம்பிக்கை உறுதிமொழியான கலிமாவைப் பாருங்கள். ‘அல்லாஹ்வைத் தவிர வணக்கத்துக்குரியவன் இல்லை; முகம்மது அவனுடைய தூதர்’ என்ற இரண்டு பாதியிலும் நேஷன் வேறு வழி போனது. 1930இல் டெட்ராய்ட் நகரின் கறுப்பர் குடியிருப்புகளில் வீடு வீடாகப் பட்டுத்துணி விற்றவர் வாலஸ் ஃபார்ட். அல்லாஹ்வே அவர் உருவில் வந்தான் என்பது நேஷனின் கொள்கை. 1934இல் அவர் காணாமல் போனார். பின் 1975 வரை தலைமை வகித்த எலைஜா முகம்மது, தூதர் என்று அழைக்கப்பட்டார். மனிதரை இறைவனாக்குவது ஷிர்க், அதாவது இறைவனுக்கு இணைவைப்பது; முகம்மது நபிக்குப் பின் நபி இல்லை. இந்த இரண்டிலும் சுன்னிகளுக்கும் ஷியாக்களுக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

அடுத்தது இனம். யாகூப் என்ற கறுப்பின விஞ்ஞானி 6,600 ஆண்டுகளுக்கு முன் வெள்ளையரை உருவாக்கினார், அவர்கள் சாத்தான்கள் என்று நேஷன் போதித்தது. குர்ஆனில் இதற்கு இடமே இல்லை. செத்தவர் எழுப்பப்படும் மறுமை நாளையும் நேஷன் ஏற்கவில்லை. அறியாமையில் கிடக்கும் கறுப்பர் மனம் விழிப்பதே உயிர்த்தெழுதல் என்றார்கள். நோன்பை ரமலானில் வைக்காமல் டிசம்பரில் வைக்கச் சொன்னார் எலைஜா. பகல் குறுகிய மாதம், கிறிஸ்துமஸ் பழக்கமும் விட்டுப்போகும் என்பது கணக்கு.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர்களைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. அடிமைத்தனமும் கும்பல் கொலைகளும் கண்ட ஒரு சமூகத்திடம் ‘உன் நிறம் இழிவல்ல’ என்று சொன்ன இயக்கம் அது. பன்றி இறைச்சி, மது, புகையிலை மூன்றையும் விலக்கி, சிறையிலிருந்து வந்தவர்களை நிமிர்த்தி நிறுத்தியது. கொள்கை தவறு என்பதும் இதுவும் சேர்ந்தே உண்மை.

கே: நேஷனில் சேர்ந்தவர்களின் பெயருக்குப் பின் ‘எக்ஸ்’ எதற்கு?
- வாசகி, மாட்டுங்கா

ப: இங்கே படிவத்தில் ‘சர்நேம்’ கட்டத்தைப் பார்த்ததும் அப்பா பெயரை எழுதுவதா, ஊர் பெயரை எழுதுவதா என்று தமிழர்கள் யோசிப்போம். நமக்கு எழுத ஒரு பெயராவது இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பர்களின் குடும்பப் பெயர் பெரும்பாலும் பாட்டன் பூட்டனை அடிமையாக வைத்திருந்த எஜமானின் பெயர். அதை நீக்கிவிட்டு, பறிபோன ஆப்பிரிக்கப் பெயருக்கு அடையாளமாக எக்ஸ் போட்டார்கள். கணக்கில் தெரியாத எண்ணுக்குப் போடுவோமே, அதே எக்ஸ். சேருகிறவர் ஒரு மாதிரிக் கடிதத்தைத் தன் கையெழுத்தில் அப்படியே பார்த்தெழுதி சிகாகோ தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். பிழை இருந்தால் கடிதம் திரும்பி வரும், மறுபடி எழுத வேண்டும். ஒரே கோயிலில் (நேஷனின் தொழுமிடத்துக்கு ‘டெம்பிள்’ என்றே பெயர்) ஒரே பெயரில் பலர் சேர்ந்தால் 2எக்ஸ், 3எக்ஸ் என்று எண் ஏறும். பின்னர் நேஷனிலிருந்து பிரிந்து நியூயார்க்கின் ஹார்லெமில் ‘ஐந்து சதவீதத்தார்’ இயக்கத்தைத் தொடங்கிய கிளாரன்ஸ் 13எக்ஸ், ஹார்லெம் கோயிலில் சேர்ந்த 13ஆவது கிளாரன்ஸ்.

கே: கல்லூரிக் கட்டுரைக்காக இதைப் படிக்கிறேன். எங்கே தவறு வரும்?
- மாணவி, முலுண்ட்

ப: முதலில் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். நேஷனின் புகழ்பெற்ற பேச்சாளர் மால்கம் எக்ஸ் 1964 மார்ச்சில் அதை விட்டார். ஏப்ரலில் ஹஜ் செய்தார். எல்லா நிறத்தவரோடும் ஒன்றாய் நின்று தொழுத பின் வெள்ளையர் பற்றிய கருத்தை மாற்றிக்கொண்டார். 1965 பிப்ரவரி 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய 1963ஆம் ஆண்டுப் பேச்சை ‘இஸ்லாத்தின் நிலைப்பாடு’ என்று எழுதினால் அடிப்படையே பிசகிவிடும்.

இரண்டாவது வரம்பு 1975. எலைஜா இறந்ததும் மகன் வாரித் தீன் முகம்மது பெரும்பாலோரை சுன்னி வழிக்குக் கொண்டுவந்தார். கோயில்களில் இருந்த நாற்காலிகள் எடுக்கப்பட்டன, தரையில் ஸஃப் (வரிசை) கட்டித் தொழுதார்கள், ‘மினிஸ்டர்’ எனப்பட்ட போதகர் இமாம் ஆனார், நோன்பு ரமலானுக்கு வந்தது, வெள்ளையரும் சேரலாம் என்றானது. முகம்மது அலியும் இவரோடுதான் வந்தார். இதை ஏற்காத லூயிஸ் ஃபரகான் 1970களின் இறுதியில் பழைய நேஷனை மீட்டெடுத்தார். அங்கும் பின்னர் ஜும்ஆ என்ற வெள்ளிக்கிழமைத் தொழுகை, ரமலான் எல்லாம் வந்தன. ஆனால் ஃபார்ட் பற்றிய நம்பிக்கை கொள்கை அறிக்கையில் அப்படியே இருக்கிறது. ஆகவே தொழுகையைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள், அறிக்கையைப் படியுங்கள்.

நூல்களின் பெயரிலும் கவனம் வேண்டும். நோபிள் ட்ரூ அலியின் ‘மூரிஷ் சயின்ஸ் டெம்பிள்’ என்ற வேறொரு கறுப்பர் அமைப்பு 1927இல் வெளியிட்ட நூலுக்கும் குர்ஆன் என்றே பெயர். உள்ளே நாம் ஓதும் சூராக்கள் இல்லை. அது வேறு புத்தகம். கறுப்பின முஸ்லிம் என்றாலே நேஷன் என்றும் எழுதிவிடாதீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட உமர் இப்னு சயீத், வட கரோலினாவில் அடிமையாக இருந்தபடியே 1831இல் தன் வாழ்க்கையை அரபியில் எழுதினார். ஃபார்ட் வருவதற்கு ஒரு நூற்றாண்டு முந்தைய கதை அது.

கே: இந்தியாவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
- வாசகர், செம்பூர்

ப: உண்டு. பஞ்சாபின் காதியானை மையமாகக் கொண்ட அகமதியா இயக்கத்தின் பிரச்சாரகர் முஃப்தி முகம்மது சாதிக் 1920இல் ஃபிலடெல்பியாவில் இறங்கினார். அவர் வழி வந்தவர்களில் கறுப்பர்கள் நிறைய. எலைஜாவின் கோயில்களில் புழங்கிய ஆங்கிலக் குர்ஆன்களில் ஒன்று அப்துல்லா யூசுஃப் அலி மொழிபெயர்த்தது. அவர் 1872இல் இதே பம்பாயில் பிறந்தவர். 1975க்குப் பின் சுன்னி வழிக்கு வந்தவர்கள் கையிலும் அந்த மொழிபெயர்ப்பு இருந்தது.