ஒரே சிலிண்டர் தஞ்சாவூர் வரை தாங்குமா?
வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூருக்கு நோயாளியைக் கொண்டுபோக ஒரே பி டைப் ஆக்ஸிஜன் சிலிண்டர், நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓட்டம். தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். தாங்காது. அந்த சிலிண்டரின் நீர்க்கொள்ளளவு, அதாவது உள்ளே பிடிக்கும் தண்ணீரின் அளவு, 10 லிட்டர். அழுத்தம் காட்டும் கேஜ் 120 பார் காட்டினால், பத்தால் பெருக்கி 1200 லிட்டர் ஆக்ஸிஜன், அதாவது 80 நிமிடம். பயணமே இரண்டு மணி நேரத்துக்கு மேல். நிரம்பிய சிலிண்டர் இரண்டாவது ஏற்றுங்கள், சாவியும் உபரி வாஷரும் சேர்த்து. வாஷர் நைந்தால் வழியிலேயே கசிந்து தீரும். எண்ணெய்க் கையோடு ரெகுலேட்டரைத் தொடவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

மிச்சம் பிடிக்க நினைத்து, பை வைத்த மாஸ்க்கில் ஓட்டத்தை 6 லிட்டராக்காதீர்கள். பை சுருங்கி, விட்ட மூச்சையே நோயாளி திரும்ப இழுப்பார். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் ரத்த ஆக்ஸிஜன் 92–96 சதவீதம் போதும். பல வருடம் பீடி குடித்துக் கெட்ட நுரையீரலென்றால் 88–92. தலைப்பக்கம் உயர்த்தியே கொண்டுபோங்கள். ஆக்ஸிமீட்டர் நன்றாகக் காட்டும்போதே தூங்கி வழிந்தால் கரியமிலவாயு ஏறுகிறது, கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் அம்பு பையை (Ambu bag) எடுங்கள்.