சாக்கப் பாக்காதீங்க, நெல்லப் பாருங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்கால்வாசிக்கு ஒரே வியாதி. வீடியோ போன்ல ஓடுது, விஎல்சி ப்ளேயர்ல ஓடுது, எடிட் பண்ற சாஃப்ட்வேர்ல போட்டா மட்டும் மக்கர் பண்ணுது. நாலே நாலு எடுத்துருக்கேன், மத்தவங்க கோவிச்சுக்காம இதுலயே உங்க பதில தேடிக்கோங்க.

கேள்வி (பாபநாசத்துலேர்ந்து ஒரு வாசகி): அக்கா வளைகாப்ப ரெண்டு போன்ல எடுத்தோம். என் ஆண்ட்ராய்டுல எடுத்தது நல்லா ஓடுது. அத்தானோட ஐபோன் 13-ல எடுத்தது எடிட்டிங்ல போட்டா சத்தம் மட்டும் வருது, படம் கருப்பு. எம்ஓவின்னு இருந்தத எம்பி4-ன்னு பேர் மாத்திப் பாத்தேன், அப்பவும் அதே கதை. லேப்டாப் அண்ணன் காலேஜ் படிக்கறப்ப வாங்குனது, இன்டெல் ஐ3 நாலாவது தலைமுறை சிப்பு. புதுசு வாங்கித்தான் ஆகணுமா?

பதில்: வேணாம்மா, அந்த காசுல பொறக்கப்போற குழந்தைக்கு அரைஞாண் வாங்குங்க.

பேர மாத்துனது சாக்க மாத்துன மாதிரிதான். நம்ம பக்கம் நெல்லு வியாபாரி வந்தா என்ன பண்ணுவாரு, சாக்கு மேல என்ன எழுதிருக்குன்னு படிச்சுக்கிட்டா நிப்பாரு, குத்தூசிய சொருகி நாலு நெல்ல உள்ளங்கைல கொட்டி தேச்சுப் பாத்துட்டுதான் வாயவே திறப்பாரு. எம்பி4, எம்ஓவி, எம்கேவி, ஏவிஐ எல்லாம் சாக்கு. உள்ள இருக்குற நெல்லுதான் கோடெக், அதாவது படத்த அமுக்கி மடிச்சு வைக்கிற முறை. சாக்குல பொன்னின்னு எழுதிட்டா குண்டு நெல்லு பொன்னி ஆயிடுமா?

நமக்கு குத்தூசி மீடியாஇன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர். அது இல்லன்னா விஎல்சில படத்த ஓட விட்டு கன்ட்ரோல் ஜே அமுக்குங்க, உள்ள என்னன்னு சொல்லிடும். அத்தான் ஃபைல்ல ஹெச்இவிசின்னு இருக்கும், பந்தயம் கட்டுறேன். அதுக்கே இன்னொரு பேரு ஹெச்.265, 2013-ல வந்தது. 2017-ல ஐஓஎஸ் 11 வந்ததுலேர்ந்து ஐபோன் 7-ம் அதுக்கப்புறம் வந்த ஐபோன்களும் நாம எதையும் மாத்தாம விட்டா இதுலதான் எடுக்குது. உங்க ஆண்ட்ராய்டுல எடுத்தது பெரும்பாலும் ஹெச்.264-ஆ இருக்கும், அது 2003-ல வந்த பழைய ஆளு, எந்த ஓட்டை கம்ப்யூட்டருக்கும் அதைத் தெரியும்.

265 அதே தரத்த ஏறக்குறைய பாதி இடத்துல மடிச்சு வச்சுடும், ஆனா மடிச்சத பிரிக்கணுமே, அங்கதான் முதுகு ஒடியுது. இன்டெல்ல ஆறாவது தலைமுறைலேர்ந்துதான் இதைப் பிரிக்க சிப்புக்குள்ளயே தனி வசதி வந்துச்சு, 10 பிட்டா, அதாவது நிறத்த இன்னும் நுணுக்கமா குறிச்சதா இருந்தா ஏழாவதுலேர்ந்து. ஐபோன் 12-லேர்ந்து ஹெச்டிஆர், அதாவது வெளிச்சம் இருட்டு ரெண்டையும் கூடுதலா பதியற முறை, தானாவே ஆன்ல இருக்கும், அது 10 பிட். ஆக உங்க நாலாவது தலைமுறைக்கு ரெண்டுமே கிடையாது. அப்ப விஎல்சில மட்டும் எப்படி ஓடுதுன்னு கேப்பீங்க, விஎல்சி கட்டுச்சோறு கட்டிக்கிட்டு ஊருக்குப் போற ஆளு, பிரிக்கிற வித்தைய எல்லாம் தன்கூடவே வச்சுருக்கும். உங்க எடிட்டிங் சாஃப்ட்வேர் விண்டோஸ் வீட்டு அடுப்ப நம்பி வந்த விருந்தாளி. விண்டோஸ் ஹெச்இவிசிக்கு தனியா ஒரு எக்ஸ்டென்ஷன் கேக்கும், அதையும் ஸ்டோர்ல காசு குடுத்துதான் வாங்கணும். வாங்குனாலும் இந்த லேப்டாப்ல திக்கித் திக்கித்தான் போகும், ஏன்னா இந்த கோடெக் எல்லா ஃப்ரேமையும், அதாவது வரிசையா ஓடுற ஒவ்வொரு தனிப்படத்தையும், முழுசா வைக்கிறதில்ல, முழுப்படம் ஒண்ணு வச்சுட்டு அடுத்தடுத்து எது மாறுச்சோ அத மட்டும் குறிச்சு வச்சுக்கும். நீங்க நடுவுல ஒரு இடத்துல வெட்டப் போனா அது பின்னாடி முழுப்படம் இருக்குற இடம் வரைக்கும் ஓடிப்போயி அங்கேர்ந்து கணக்குப் போட்டுக்கிட்டு வரணும்.

இதுக்கு வழி, ஹேண்ட்பிரேக்னு இலவச சாஃப்ட்வேர். ஃபைல உள்ள இழுத்துப் போட்டு ப்ரீசெட்ல ப்ரொடக்‌ஷன் ஸ்டாண்டர்ட் எடுத்துட்டு ஸ்டார்ட் அமுக்குங்க. எடிட்டிங்குக்குன்னே 264-ல பண்ணித் தரும். சைஸ் ஊதிப் பெருக்கும், பயப்படாதீங்க, வேலை முடிஞ்சதும் அந்த நகல அழிச்சுடலாம், ஒரிஜினல மட்டும் தொடாதீங்க. ராத்திரி போட்டுட்டுத் தூங்குங்க, பழைய லேப்டாப்புக்கு நேரம் எடுக்கும், கரண்ட் போனாலும் தாங்குற மாதிரி பேட்டரி இருக்கான்னு பாத்துக்கோங்க.

குழந்தைக்குப் பேர் வைக்கறப்ப இந்த பாடு வேணாம்னா அத்தான் போன்ல செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போயி மோஸ்ட் கம்பேட்டிபிள் வைக்கச் சொல்லுங்க, ஹெச்டிஆர் வீடியோவையும் அணைச்சுடுங்க. அது ஆன்ல இருந்தா சாதா ப்ராஜெக்ட்ல பட்டுப்புடவை எல்லாம் ஏழு தடவை சலவைக்குப் போட்ட மாதிரி வெளுத்துத் தெரியும். அப்புறம் வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பச் சொல்லிடாதீங்க, அமுக்கி நாசம் பண்ணிடும், டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க.

கேள்வி (திருக்காட்டுப்பள்ளி வாசகர்): கோயில் புறப்பாட்டுல நாதஸ்வரம் தவில் இருபது நிமிஷம் நிறுத்தாம போன்ல எடுத்தேன். எடிட்டிங்ல ஆரம்பத்துல சரியா இருக்கு, போகப் போக தவில்காரர் குச்சி தோல்ல பட்டு அரை வினாடி கழிச்சுதான் சத்தம் வருது. போன் ரிப்பேரா சார்?

பதில்: போன் நல்லாத்தான் இருக்கு சார். இந்த வலி எனக்கும் தெரியும், எங்க வீட்டு கல்யாணத்துல நலங்குப் பாட்டு இப்படித்தான் நழுவ, நான் விவரம் தெரியாம சத்தத்த நாப்பது துண்டா வெட்டி ஒவ்வொண்ணா கையால நகத்துனேன், ரெண்டு நாள் போச்சு, தங்கச்சி பாத்துட்டு "என்னண்ணே, பாட்டு நொண்டுது"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டா.

நடக்குறது இதுதான். போன் வினாடிக்கு 30 ஃப்ரேம்னு சொல்லிக்கும், ஆனா அந்த எண்ணிக்கைய நிலையா வச்சுக்காது. புறப்பாடு ராத்திரில, தீவட்டி வெளிச்சம் மட்டுந்தான், வெளிச்சம் பத்தலன்னா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கூட நேரம் எடுத்துக்கிட்டு எண்ணிக்கைய குறைச்சுக்கும். சத்தம் மட்டும் கடிகாரம் மாதிரி ஒரே சீரா பதிவாகும். எடிட்டிங் சாஃப்ட்வேர் எல்லாத்தையும் 30-ன்னே நினைச்சு அடுக்குனா படம் முந்திக்கும், சத்தம் பின்தங்கும். அரை வினாடி வித்தியாசம் பேச்சுலயே தெரிஞ்சுடும், தவில்ல தெரியாம இருக்குமா, குச்சி இறங்குற இடம் கண்ணுக்கு நேரா இருக்கே.

மீடியாஇன்ஃபோல ஃப்ரேம் ரேட் மோட்ல வேரியபிள்னு, அதாவது மாறிக்கிட்டே இருக்கும்னு இருந்தா இதேதான். ஹேண்ட்பிரேக்ல வீடியோ பக்கம் போயி ஃப்ரேம் ரேட் 30, கான்ஸ்டன்ட் ரெண்டையும் வச்சு மாத்துங்க. மேல சொன்ன ப்ரீசெட்லயும் கான்ஸ்டன்ட்தான் இருக்கும், ஒரு தடவை பாத்து உறுதி பண்ணிக்கோங்க. ஷாட்கட்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர் வச்சுருக்கவங்களுக்கு கன்வெர்ட் டு எடிட் ஃப்ரெண்ட்லின்னு அதுக்குள்ளயே இருக்கு. ஏற்கெனவே வெட்டிக் குதறிட்டீங்கன்னா அந்த ப்ராஜெக்ட்ட மறந்துட்டு புதுசா ஆரம்பிங்க, ஒட்டுப் போட்டு சரி பண்ண முடியாது.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): 2004 மகாமகத்துல எங்க குடும்பம் குளத்துல முழுகுனத வீடியோக்காரர் எடுத்து டிவிடி போட்டுக் குடுத்தாரு. உள்ள விஓபின்னு நாலு ஃபைல் இருக்கு, எடிட்டிங்ல போட்டா தண்ணி தெறிக்கிற இடமெல்லாம் சீப்பு பல்லு மாதிரி கோடு கோடா தெரியுது.

பதில்: முதல் வேலையா அந்த வீடியோ டிஎஸ் ஃபோல்டர அப்படியே கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி, பென் டிரைவ்ல ஒரு காப்பி போடுங்க. வீட்டுல எழுதுன டிவிடிக்கு இருபது வருஷம்ங்கறது ரொம்ப வயசு. நாலு ஃபைல்னா நாலு படம் இல்ல, டிவிடில ஒவ்வொரு விஓபியும் 1 ஜிபிக்குள்ளதான் இருக்கணும்னு துண்டு போட்டுருக்கு. அதனால ஹேண்ட்பிரேக்ல ஃபைல திறக்காம ஃபோல்டரையே திறங்க, முழுசா ஒரே படமா எடுத்துக்கும்.

அந்த கோடு இன்டர்லேஸ். அப்போ டிவிக்காக ஒரு ஃப்ரேம ஒத்தப்படை வரி, இரட்டைப்படை வரின்னு ரெண்டு பாதியா, வேற வேற நொடித்துளில எடுப்பாங்க, அசையாத கோபுரத்துல தெரியாது, தெறிக்கிற தண்ணில தெரியும். ஃபில்டர்ஸ்ல டீஇன்டர்லேஸ்ல யாடிஃப் எடுத்து பாப் வச்சீங்கன்னா வினாடிக்கு 50 ஃப்ரேமா வழவழன்னு வரும். 720-க்கு 576-தான் அதோட அளவு, அத 4கே ஆக்குறேன்னு உக்காராதீங்க, இல்லாத முகம் எங்கேர்ந்து வரும்.

கேள்வி (மன்னார்குடி வாசகர்): எல்லா கோடெக்கும் ஒண்ணா ஒரு பேக்ல கிடைக்குதாமே, போட்டுடவா?

பதில்: போடாதீங்க. இன்னிக்கு இருக்குற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல பாதி அதைத் திரும்பிக்கூடப் பாக்காது, கண்ட இடத்துலேர்ந்து இறக்குனா கூடவே வேற எதாவது வந்து குடியேறும், எடுக்கறதுக்குள்ள உசுரு போயிடும்.