தேர் வடமும் செம்புக் கம்பியும்: மின்னூட்டம் பற்றி வாசகர் கேள்விகள்

காரைக்குடியில் எங்களுடையது பழைய வீடு. முகப்பில் சுவிட்சைப் போட்டால் பின்கட்டு பல்பு அந்த நொடியே எரிகிறது. எலக்ட்ரான் அவ்வளவு வேகமாகவா ஓடுகிறது?

இல்லை. எலக்ட்ரான் நகர்வது நத்தையைவிட மெதுவாக. செம்பில் ஒவ்வொரு அணுவும் ஏறக்குறைய ஓர் எலக்ட்ரானை விட்டுக்கொடுத்துவிடுகிறது. அது எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் உலோகம் முழுக்க உலவும். ஒரு கன சென்டிமீட்டர் செம்பில் இப்படி உலவுபவை 85-க்குப் பின்னால் 21 சுழியம் போட்டால் வரும் அளவு. இவ்வளவு கூட்டம் இருப்பதால் கொஞ்சம் அசைந்தாலே போதும். 1 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 1 ஆம்பியர் ஓட, எலக்ட்ரான்கள் நொடிக்கு 0.07 மில்லிமீட்டர் நகர்ந்தால் சரி. பேட்டரி மின்சாரமாக இருந்தால், முகப்பில் கிளம்பிய எலக்ட்ரான் 50 மீட்டர் கம்பியைக் கடக்க எட்டு நாள் ஆகும். வீட்டு மின்சாரமோ நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருவது. அதில் எலக்ட்ரான் நின்ற இடத்திலேயே நடுங்குகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் பல்புக்குப் போய்ச் சேர்வது எது? இழுப்பு. பிள்ளையார்பட்டியில் சதுர்த்தித் தேர் இழுக்கும்போது பாருங்கள். வடத்தின் நுனியில் இருப்பவர் ஓர் அடி எடுத்து வைத்ததும் பின்னால் தேர் அசைகிறது. அவர் தேர் வரைக்கும் நடந்து போகவில்லை, வடம் விறைத்ததுதான் அங்கே போய்ச் சேர்ந்தது. கம்பியில் அந்த விறைப்புக்குப் பெயர் மின்புலம். அது ஒளியின் வேகத்தை ஒட்டிப் பாயும்.

உலோகத்துக்குள் ஓடுவது எலக்ட்ரான்தான் என்று டோல்மன், ஸ்டூவர்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1916-இல் காட்டிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. வேகமாகச் சுழலும் கம்பிச்சுருளைச் சட்டென்று நிறுத்தினார்கள். தேவகோட்டை பஸ்ஸில் பிரேக் போட்டால் நிற்பவர்கள் முன்னால் சாய்வதுபோல, கம்பி நின்ற பிறகும் உள்ளிருந்தவை முன்னோக்கிப் போயின. அதனால் எழுந்த சின்ன மின்னோட்டத்தைக் கருவி காட்டியது.

ஆத்தங்குடிக் கல் தரையில் வெறுங்காலோடு நின்று கிரைண்டரைத் தொட்டால் சுள்ளென்கிறது. மரமணையில் ஏறி நின்றால் ஒன்றுமில்லை. கல்கூட மின்சாரம் கடத்துமா?

ஆச்சி, முதலில் கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். அப்புறம் காரணம் பார்ப்போம்.

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. சிமென்டும் மணலும் வண்ணப்பொடியும் கண்ணாடித் தட்டின் மேல் பரப்பி, தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்தியது. அதன் நுண்துளைகளில் ஈரம் தங்கும். சிமென்டில் உள்ள உப்புகள் அந்த ஈரத்தில் கரைந்து, மின்னூட்டம் பெற்ற துகள்களாக, அதாவது அயனிகளாக இருக்கும். உலோகத்தில் எலக்ட்ரான் செய்யும் வேலையை இங்கே அயனிகள் செய்கின்றன. மாவாட்டும்போது சிந்தும் தண்ணீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். காய்ந்த தேக்கில் எலக்ட்ரான்கள் பிணைப்புகளில் கட்டுண்டு கிடக்கின்றன, அயனிகள் நகர ஈரமும் இல்லை. அதனால் வழி அடைபடுகிறது.

ஆனால் மணையை நம்பாதீர்கள். அது நனைந்தாலும், மற்ற கை குழாயில் பட்டாலும் மின்சாரத்துக்கு வழி கிடைத்துவிடும். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிட்டு எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் கிரைண்டர் ஓட்டினோம். கையில் மாவோடு அம்மா வெடுக்கென்று பின்வாங்கி, சுவரில் சாய்ந்து பேச்சில்லாமல் நின்ற முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கிரைண்டரின் கசிவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எர்த் இணைப்பும், 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்சும் கட்டாயம் வேண்டும். நம் பக்கத்துச் செம்மண் கோடையில் எலும்பாகக் காய்ந்துவிடும். ஈரமில்லாத மண்ணில் அயனி நகராது. எர்த் குழியில் உப்பு போடுவது அயனிகளுக்காக, கரி போடுவது ஈரத்தைப் பிடித்துவைக்க. சித்திரை, வைகாசியில் மறக்காமல் அதில் தண்ணீர் ஊற்றுங்கள்.

காரைக்குடியில் சிக்ரியை (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) பார்க்கப் போனபோது செம்பு முலாம் பூசுவதைக் காட்டினார்கள். கரைசலில் செம்பு இடம் மாறுகிறது. செம்புக் கம்பியில் மட்டும் ஏன் மாறுவதில்லை? (பிளஸ் ஒன் மாணவி)

அருமையான கேள்வி, தங்கச்சி. கம்பியில் செம்பு அணுக்கள் வரிசை கட்டி ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, எலக்ட்ரான்கள் மட்டும் நகர்கின்றன. கரைசலில் தனி எலக்ட்ரான் உலவாது. இரண்டு எலக்ட்ரானை இழந்த செம்பு அயனியே மின்னூட்டத்தைச் சுமந்து நீந்துகிறது. தகட்டைத் தொட்டதும் அந்த இரண்டையும் வாங்கிக்கொண்டு செம்பாகப் படிகிறது. எலக்ட்ரானும் அயனியும் கைமாறும் அந்த எல்லைக்கோடுதான் மின்வேதியியல். 1953-இல் இருந்து உங்கள் ஊரில் அந்த நிலையம் அதைத்தான் ஆராய்கிறது. அழகப்பச் செட்டியார் அதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்த வழியாகப் போகும்போது ஒரு தடவை நினைத்துக்கொள்.

கோபுரக் கலசம் ஊரையே இடியிலிருந்து காக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

கலசத்தைக் கும்பிடுங்கள், இந்தச் செய்தியை மட்டும் அனுப்பாதீர்கள். உலோகத்தில் மிகுதியான மின்னூட்டம் மேற்பரப்புக்கு வந்து, கூர்மையான இடத்தில் நெருக்கியடித்து நிற்கும். அதனால் மின்னல் கலச நுனியைத் தேடி வரலாம், அது உண்மை. வந்தது எப்படி இறங்கும்? கீழே செங்கல், சுதை, கல். பல்லாயிரம் ஆம்பியர் அதில் பாய்ந்தால் உள்ளிருக்கும் ஈரம் கணத்தில் ஆவியாகிச் சுதை வெடிக்கும். நுனியிலிருந்து மண் வரை அறுபடாத செம்புப் பட்டை இறங்கினால்தான் அது இடிதாங்கி. அப்போதும் அது காப்பது அந்தக் கோபுரத்தையும் சுற்றிக் கொஞ்ச இடத்தையும்தான், ஊரை இல்லை.

ஏசி அறையில் பாலியெஸ்டர் சேலை சடசடக்கிறது, கண்டாங்கி சடசடப்பதில்லை. ஏன்?

பருத்தி ஈரம் வாங்கும். உரசலில் சேர்ந்த மின்னூட்டம் அந்த ஈரத்தின் வழியே கசிந்துவிடும். பாலியெஸ்டரில் அது போக வழியில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஏசி காற்றை வறட்டுவதால் இன்னும் மோசம்.

எவர்சில்வரும் உலோகம்தானே, அதில் ஏன் வயர் செய்வதில்லை?

செம்பைவிட அதன் மின்தடை சுமார் 40 மடங்கு. இரும்போடு குரோமியமும் நிக்கலும் கலந்திருப்பதால் அணு வரிசை ஒழுங்காக இல்லை, எலக்ட்ரான்கள் முட்டி மோதியே போக வேண்டியிருக்கிறது. அப்படி ஒரு கம்பி சுவருக்குள் சூடாகிக் கிடப்பது நல்லதில்லை.