ஜேஎன்கே கைனேஸ் கூடினால் புழுவின் ஆயுள் ஏன் நீள்கிறது?
பாளையங்கோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கைனேஸ் என்பது பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி; ஜேஎன்கே அதில் ஒரு வகை. எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதே முக்கியம். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் புழுவில் காப்பு மரபணுக்களை இயக்கும் டாஃப்-16 என்ற புரதத்தில் ஏகேடி என்ற கைனேஸ் பாஸ்பேட்டை ஒட்டினால், டாஃப்-16 செல்லின் உட்கருவுக்கு வெளியே நின்றுவிடும். பிசான நெல் சாகுபடிக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்தும் மடை திறக்காத வயல் போலக் காப்பு மரபணுக்கள் சும்மா கிடக்கும்.

ஜேஎன்கே ஒட்டுவது வேறிடங்களில். அதனால் டாஃப்-16 உட்கருவுக்குள் போகிறது. வெப்பத்தையும் ஆக்சிஜனேற்றச் சேதத்தையும் தாங்கும் புரதங்கள் பெருகுகின்றன. டாஃப்-16-உடன் பச்சை ஒளிப்புரதம் கோத்த புழுவைச் சூடாக்கி நுண்ணோக்கியில் பாருங்கள்: உடலெங்கும் மங்கலாகப் பரவியிருந்த பச்சை, உட்கருக்களில் புள்ளி புள்ளியாகத் திரளும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

ஏகேடியைத் தூண்டும் சங்கிலியில் அதற்கு மேலே இருக்கும் டாஃப்-2 ஏற்பியும் ஒரு கைனேஸ்தான்; அது பழுதானால் ஏகேடி அடங்கி, டாஃப்-16 உட்கருவுக்குள் போகும். அதன் மரபணு பழுதான புழுக்கள் இருமடங்குக்கு மேல் வாழ்வதை 1993-இல் உயிரியலாளர் சிந்தியா கென்யானின் குழு காட்டியது.