31 ஸ்லைடர் பெட்டி பாட்காஸ்டுக்குத் தேவையா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடி வீட்டில் நானும் அக்காவும் தமிழில் பாட்காஸ்ட் பதிவு செய்கிறோம். மைக், அதைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ், மடிக்கணினியில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் குரல் 'கும்'மென்று அடைத்த மாதிரி கேட்கிறது. புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கடையில், 31 ஸ்லைடர் உள்ள கிராஃபிக் ஈக்குவலைசர் பெட்டியை (ஒலியின் ஒவ்வொரு அதிர்வெண் பகுதியையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் கருவி) 850 வெள்ளிக்கு வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அது மண்டபத்துக்கான சாமான். கல்யாணத்திலும் கோயில் திருவிழாவிலும் மைக் 'கீ' என்று கத்தும்போது, கத்துகிற அதிர்வெண்ணை மட்டும் சட்டென்று இறக்க அது உதவும். ஆனால் ஒவ்வொரு ஸ்லைடரும் எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு அகலத்தில் வேலை செய்யும் என்பதை உங்களால் மாற்ற முடியாது. உங்களுக்கு வேண்டியதோ அந்த இரண்டும்தான். ரீப்பரோடு வரும் ரீஈக்யூ என்ற ஈக்குவலைசர் அதைச் செய்யும், தனியாகக் காசு கிடையாது.

அதைத் திறப்பதற்கு முன் மைக்கை ஒரு சாண் தள்ளி வையுங்கள். கார்டியாய்டு மைக்கில் (முன்பக்கச் சத்தத்தையே அதிகம் எடுக்கும் வகை) வாயை ஒட்டிப் பேசினால் அடிக்குரல் தானாகவே ஏறும். பாதிக் 'கும்' அங்கேயே போய்விடலாம்.

அப்புறம் ரீஈக்யூவில், ஓர் அளவுக்குக் கீழே உள்ள சத்தத்தை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் போடுங்கள், அக்காவின் குரலுக்கு 100 வரை போகலாம். அதற்குக் கீழே இருப்பது பெரும்பாலும் மேசை அதிர்வும் ரயில் போகும் உறுமலும்தான், பேச்சு அல்ல. மிச்ச அடைப்பு 200 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். ஒரு பேண்டை (நீங்கள் தேர்ந்த அதிர்வெண் பகுதியை ஏற்றி இறக்கும் பிடி) குறுகலாக்கி, 8 டெசிபெல் ஏற்றி, அந்தப் பகுதியில் மெல்ல நகர்த்துங்கள். இப்படி ஏற்றினால் எந்த இடமும் கொஞ்சம் அசிங்கமாகத்தான் கேட்கும், அதனால் ஏமாறாதீர்கள். நீங்கள் சொன்ன அதே 'கும்' பெரிதாகி வரும் இடத்தில் நிறுத்தி, பேண்டைச் சற்று அகலமாக்கி 3 அல்லது 4 டெசிபெல் குறைத்தால் போதும். தெளிவு பத்தாவிட்டால் 3 கிலோஹெர்ட்ஸ் அருகே 2 டெசிபெல் ஏற்றலாம். 6, 7 கிலோஹெர்ட்ஸில் ஏற்றினால் 'ச', 'ஸ' எல்லாம் காதைக் கீறும்.

ஈக்குவலைசரை அணைத்தும் போட்டும் ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்கட்டும். சத்தமாக இருப்பதெல்லாம் நன்றாக இருப்பதாகவே காது நினைக்கும்.

அறை எதிரொலித்தால் எந்த ஈக்குவலைசராலும் அதை எடுக்க முடியாது. அதற்குச் செலவு செய்யலாம்: கனமான திரைச்சீலை, தரைக்கு ஒரு கம்பளம். 850 வெள்ளியில் பாதிகூட ஆகாது.

அந்தப் பெட்டிதான் வேண்டுமென்றால், எதற்காக வாங்குகிறீர்கள் என்பதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். சொன்ன வேலைக்குப் பொருள் ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். பிறகு தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் அந்தக் காகிதம் பேசும்.